தெரிந்த வீட்டுக்கு ஒரு கடிதம்

(கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் சிறுதொழில் செய்வோர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்தில் பெரிய கடைக்காரர்கள் அதிகம் இல்லை. மோட்டார் காயில் கட்டுபவர் இருக்கிறார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், பெயிண்டர், வாட்டர் டேங்க் கழுவுபவர், வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கும் அம்மா, மாலையில் டியூஷன் எடுக்கும் டீச்சர் எல்லோரும் வந்திருக்கிறீர்கள். நீங்கள் விற்பது சரக்கு அல்ல, உங்கள் கைவேலை. விளம்பரம் என்று வரும்போது இந்த வித்தியாசம் மிகப் பெரியது. பத்து ரூபாய் சோப்பைப் புதிதாக வாங்கிப் பார்க்க யாரும் பயப்படுவதில்லை. பிடிக்காவிட்டால் அடுத்த முறை வேறு வாங்கிக்கொள்வார்கள். உங்களைக் கூப்பிடுவது அப்படியல்ல. முன்பின் தெரியாத ஒருவரை வீட்டுக்குள் விட வேண்டும். வயதான அம்மா மட்டும் இருக்கும் நேரமாக இருக்கலாம். கழற்றிப் போட்ட மோட்டாரை ஒழுங்காகத் திருப்பித் தருவாரா, சொன்ன கூலிதான் கேட்பாரா என்று ஆயிரம் யோசனை ஓடும். ஆகவே உங்கள் பெயர் ஊருக்கே தெரிவதால் பெரிய பயன் இல்லை. உங்களை ஏற்கனவே அறிந்த வீடு, தேவைப்படும் நாளில் உங்களை நினைக்க வேண்டும். அதற்கு இன்றைக்கும் மிக நல்ல வழி தபாலில் போகும் ஒரு கடிதம்தான் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வாட்ஸ்அப் காலத்தில் தபாலா என்று சிலர் நினைக்கலாம். தங்கவயலின் அன்றாட வாழ்க்கையை வைத்தே பதில் சொல்கிறேன். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி இங்கே தங்கச் சுரங்கம் நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. அன்றிலிருந்து இந்த ஊரின் சம்பளம் பெங்களூரில் இருக்கிறது. பொழுது விடிவதற்கு முன் மாரிகுப்பத்தில் ரயில் ஏறுகிறார்கள். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டம் சேர்கிறது. பங்காரப்பேட்டை தாண்டும்போது நிற்க இடமிருக்காது. போக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், வரவும் அதே தூரம். இரவு வீடு திரும்பும்போது சாப்பிட்டுப் படுக்கத்தான் தெம்பு இருக்கும்.

சம்பாதிப்பவர் பகலில் ஊரில் இல்லை. அவர் போனுக்கு நீங்கள் அனுப்பும் செய்தி, நின்றுகொண்டே வரும் ரயில் பெட்டியில், நூறு செய்திகளுக்கு நடுவே போய் விழுகிறது. தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் தவிப்பவர்கள் வேறு. ஓய்வுபெற்ற அப்பா, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, பள்ளிக்கூடம் போய்வரும் பிள்ளைகள். யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு செலவழிப்பது என்று எல்லோரும் உட்கார்ந்து முடிவெடுப்பது ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை தபால்காரர் கொடுத்த கடிதம் டிவி ஸ்டாண்டு மேல், காலண்டர் ஆணியில், கரண்ட் பில்லோடு சேர்ந்து அந்த ஞாயிறு வரை காத்திருக்கும். போன் செய்தி அப்படிக் காத்திருக்காது.

பிட் நோட்டீஸைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பேப்பருக்குள் வைத்து விடுகிறோம், எம்.ஜி. மார்க்கெட் வாசலில் பையனை நிறுத்திக் கொடுக்கச் சொல்கிறோம். புதிதாகக் கடை திறப்பவருக்கு அது உதவும். திறப்பு விழா என்று ஒரு நாள் தெரிந்தால் போதும் அவருக்கு. உங்களுக்கு அதில் பயன் குறைவு. அந்த நோட்டீஸ் யார் கைக்கும் போகும், அதனாலேயே யாருக்கும் எழுதியதாக இருக்காது.

தபாலுக்கும் இந்த ஊருக்கும் உள்ள பழக்கம் நீண்டது. பொருள் கைக்கு வரும்போது பணம் கொடுக்கும் வி.பி.பி. முறை இந்தியாவில் 1877இல் வந்தது. தபால் கார்டு 1879 ஜூலை முதல் தேதி, கால் அணாவுக்கு வந்தது. மணியார்டர் 1880இல் தபால் ஆபீசுக்கு வந்தது. தங்கச் சுரங்கம் நடத்த ஜான் டெய்லர் கம்பெனி இங்கே காலூன்றியதும் அதே 1880இல்தான். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் இன்னும் பல திசைகளிலிருந்தும் சுரங்கத்துக்கு வந்த நம் முன்னோர்கள், ஊரில் விட்டுவந்த வீட்டோடு தொடர்பு வைத்திருந்தது கார்டாலும் மணியார்டராலும்தான். படிக்கத் தெரியாதவர்கள்கூட அடுத்தவரைக் கொண்டு எழுதி அனுப்பினார்கள்.

நம் ஊரிலிருந்தே தபாலை நம்பி நடந்த ஒரு பெரிய காரியத்தையும் நினைவுகூர வேண்டும். பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் சென்னை ராயப்பேட்டையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் பின்பு ‘தமிழன்’ ஆனது. 1914இல் அவர் மறைந்தார். நின்றுபோயிருந்த அந்த இதழை 1926இல் அவர் வழியில் வந்த ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மறுபடியும் கொண்டுவந்தார். சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. சுரங்கத் தொழிலாளர் ஊரிலிருந்து ஒரு வார இதழ் வெளியூர் வாசகரைச் சென்றடைய அன்று என்ன வழி இருந்தது? சந்தாதாரர் பெயர், முகவரி எழுதிய நோட்டும், தபால் ஆபீசும்தான். பெரிய கட்டடமோ முதலோ இல்லாதவர்களுக்கு அந்த முகவரி நோட்டுதான் சொத்து. அவர்கள் விற்றது கருத்து, நீங்கள் விற்பது வேலை. ஆனால் முறை அதேதான்.

தமிழ்நாட்டில் இந்த முறையைத் தொழிலாகவே செய்து முன்னுக்கு வந்தவர் எஸ்.எஸ். வாசன். ஆனந்த விகடன் வாசன், ஜெமினி வாசன் என்றுதான் அவரை அறிவோம். அதற்கு முன்னால் அவர் விளம்பரம் பிடித்துக் கொடுப்பதும், பொருள்களைத் தபாலில் விற்பதும் செய்துவந்த இளைஞர். தாம் விளம்பரம் கொடுத்துவந்த ஆனந்த விகடன் நின்றுபோனது என்று தெரிந்ததும் 1928இல் அதை வாங்கினார். பெயரின் ஓர் எழுத்துக்கு 25 ரூபாய் வீதம், எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. நேரில் பார்க்காத மனிதர் கடிதத்தைப் படித்துவிட்டுப் பணம் அனுப்ப வேண்டுமானால், அவர் மனம் எங்கே தயங்கும் என்று எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசனுக்கு வாசகரைப் பற்றி இருந்த கூர்மையான புரிதலில் அந்தத் தபால் வியாபாரத்துக்கும் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

இனி உங்கள் விஷயம். அமெரிக்காவில் தபால் விளம்பரத்தைக் கற்றுக்கொடுத்த எட் மேயர் என்பவர் ஒரு கணக்குச் சொல்வார். வெற்றியில் நூற்றுக்கு நாற்பது பங்கு யாருக்கு அனுப்புகிறோம் என்பதில் இருக்கிறது. இன்னொரு நாற்பது, அவர்களுக்கு என்ன தருகிறோம் என்பதில். எழுத்து, படம், காகிதம் எல்லாம் சேர்ந்து மீதி இருபதுதான். நாமோ தலைகீழாகச் செய்கிறோம். டிசைனுக்கும் கலருக்கும் அலைகிறோம், யாருக்கு என்பதை மறந்துவிடுகிறோம்.

உங்கள் பட்டியல் எங்கேயும் விலைக்குக் கிடைக்காது. அது உங்கள் பழைய பில் புக்கில் இருக்கிறது. பில் புக் இல்லாதவர்களுக்குப் போனிலும் ஞாபகத்திலும் இருக்கிறது. ஒரு நீளமான நோட்டு வாங்குங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு வரி. பெயர், லைன் அல்லது தெரு, வீட்டு எண், பின்கோடு, என்ன வேலை செய்தீர்கள், எந்த மாதம், எவ்வளவு வாங்கினீர்கள், வீட்டில் எந்த மொழி படிப்பார்கள். கடைசி விவரத்தை நம் ஊரில் கட்டாயம் எழுத வேண்டும். இங்கே ஒரே தெருவில் தமிழ் வீடு, தெலுங்கு வீடு, கன்னட வீடு, உருது வீடு எல்லாம் இருக்கின்றன. தமிழ் வீட்டிலும் தாத்தா தமிழ் படிப்பார், பேத்தி இங்கிலீஷ் மட்டும் படிப்பாள். கடிதத்தை முதலில் பிரிக்கப்போவது யாரோ அவர் மொழியில் எழுதுங்கள். ஆனால் உறைமேல் முகவரியைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவதுதான் சரி. தபால் ஆபீசில் தபாலைப் பிரித்து அடுக்கும் எல்லோருக்கும் தமிழ் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது.

பின்கோடை விட்டுவிடாதீர்கள். 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு வந்தபிறகும் ‘கே.ஜி.எஃப்.’ என்று மட்டும் எழுதும் பழக்கம் நம்மிடம் போகவில்லை. ராபர்ட்சன்பேட்டை 563122, சாம்பியன் ரீஃப்ஸ் 563117. ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில் இருந்தாலும் பின்கோடு வேறு. சுரங்கத் தொழிலாளருக்கான லைன் வீடுகளில் ஒரே எண் பக்கத்து லைனிலும் இருக்கும், ஆகவே லைன் பெயர் இல்லாமல் எண் மட்டும் எழுதினால் கடிதம் அலையும். சந்தேகம் இருந்தால் உங்கள் பீட் தபால்காரரைக் கேளுங்கள். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, யார் பெங்களூருக்கே குடிபோய்விட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முகவரி சரியா என்று மட்டும் கேளுங்கள், வேறு வீட்டு விவரம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்? மோட்டார் காயில் கட்டும் நண்பர் ஒருவர் பிப்ரவரி கடைசியில் எழுதுவதாக வைத்துக்கொண்டு ஒன்று எழுதிவந்திருக்கிறேன். படிக்கிறேன்.

“மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம். சென்ற ஆண்டு மார்ச் மாதம் உங்கள் வீட்டு அரை ஹெச்.பி. மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுத்தேன். கோடை வருகிறது. மோட்டார் சத்தம் மாறியிருந்தாலோ, கருகல் வாசனை வந்தாலோ, டேங்க் நிறைய முன்பைவிட நேரமானாலோ இப்போதே பார்த்துவிடுவது நல்லது. பேரிங் மாற்றுவதோடு முடியும் வேலை, விட்டுவிட்டால் காயில் எரியும் வரை போகும். ஞாயிறு காலை 8 மணியிலிருந்து 1 மணி வரை வீட்டுக்கே வருகிறேன். வந்து பார்க்க 100 ரூபாய். வேலை கொடுத்தால் அந்த 100 ரூபாயைக் கூலியில் கழித்துக்கொள்கிறேன். இந்த ஏற்பாடு ஏப்ரல் 15 வரை.” கீழே பெயர், கடை இருக்கும் தெரு, போன் எண், கையெழுத்து.

இதில் ‘சிறந்த சேவை’ என்ற சொல் இல்லை, ‘நியாயமான விலை’ என்ற சொல்லும் இல்லை. நூறு ரூபாய் என்று எழுதிவிட்டால் அது நியாயமா இல்லையா என்பதை அந்த அம்மாவே முடிவு செய்துகொள்வார். ‘சென்ற ஆண்டு மார்ச், அரை ஹெச்.பி.’ என்ற இடத்தில்தான் இந்தக் கடிதத்தின் முழு பலமும் இருக்கிறது. நம் வீட்டை இவர் ஞாபகம் வைத்திருக்கிறார் என்று அவருக்குத் தோன்றும். முன்பின் அறியாத கம்பெனி எவ்வளவு செலவழித்தாலும் அந்த ஒரு வரியை எழுத முடியாது. பழுதின் அறிகுறியை எழுதியிருப்பதையும் பாருங்கள். உங்களைக் கூப்பிடாதவருக்கும் அது உபயோகமான தகவல். படித்தவருக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள்.

செலவுக்கு வருகிறேன். நீண்ட காலமாக இருந்துவரும் கட்டணப்படி, 20 கிராம் வரை சாதாரணக் கடிதத்துக்கு 5 ரூபாய். தபால் கார்டு 50 பைசா. இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 50 பைசா கார்டு கையால் எழுதுவதற்கு. அதே செய்தியை அச்சடித்து அனுப்பினால் அது அச்சிட்ட கார்டு என்ற வகையில் சேரும், அதற்குக் கட்டணம் 6 ரூபாய். நூற்றுக்கணக்கில் அச்சடித்துக்கொண்டு போய் கவுன்ட்டரில் தவிக்க வேண்டாம். எதையும் அச்சடிப்பதற்கு முன் மாதிரி ஒன்றை போஸ்ட்மாஸ்டரிடம் காட்டி அன்றைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண ஏ4 தாள் ஒன்று 5 கிராம்தான் இருக்கும். ஒரு தாளும் மெல்லிய உறையும் 20 கிராமுக்குள் தாராளமாக அடங்கும்.

150 வீடு என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாம்ப் 750 ரூபாய். ஜெராக்ஸும் உறையும் ஒன்றுக்கு 2 ரூபாய் என்றால் 300. மொத்தம் 1,050 ரூபாய். ஒரு வேலையில் சாமான் செலவு போக 400 ரூபாய் நிற்கும் என்றால், மூன்று வீடு கூப்பிட்டாலே போட்ட பணம் வந்துவிடும். கையில் பணமே இல்லாதவர் கார்டில் எழுதலாம். 150 கார்டு 75 ரூபாய். ஒரு நாளைக்குப் பத்து எழுதினால் பதினைந்து நாளில் முடியும். கையெழுத்து நன்றாக இருக்கும் மகளையோ தம்பியையோ எழுதச் சொல்லுங்கள், அவர்களுக்கும் தொழிலில் பங்கு வரும். எந்த வீட்டிலிருந்து கூப்பிட்டாலும் “கடிதம் பார்த்துக் கூப்பிட்டீர்களா” என்று கேட்டு நோட்டில் ஒரு டிக் போடுங்கள். அந்த டிக்கை எண்ணித்தான் அடுத்த முறை அனுப்பலாமா, எந்தப் பகுதிக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்ய வேண்டும்.

எப்போது அனுப்புவது என்பது அவரவர் வேலையைப் பொறுத்தது. தையல் வேலை செய்யும் அம்மா டிசம்பரில் எழுதினால் பயனில்லை. கிறிஸ்துமஸ் துணி நவம்பரிலேயே தையலுக்குப் போய்விடும். ரம்ஜானுக்கும் அப்படியே, நோன்பு தொடங்குவதற்கு முன் கடிதம் வீட்டில் இருக்க வேண்டும். பெயிண்டருக்குப் பொங்கலுக்கு ஒரு மாதம் முன்னால். டியூஷன் டீச்சருக்கு மே கடைசி. பெங்களூர் சம்பளக்காரர் வீடுகளுக்கு மாதத்தின் முதல் வாரத்தில் போய்ச் சேர்ந்தால் நல்லது, இருபதாம் தேதிக்குமேல் எந்த நல்ல செய்தியும் செலவாகத்தான் தெரியும்.

பழைய வாடிக்கையாளரே இல்லாத புதியவருக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். தபால் துறையில் 2005இலிருந்து டைரக்ட் போஸ்ட் என்று ஒரு சேவை இருக்கிறது. முகவரி எழுதாத நோட்டீஸ்களை மொத்தமாகக் கொடுத்தால், நீங்கள் கேட்கும் பகுதியில் தபால்காரர்கள் வீடு வீடாகக் கொடுப்பார்கள். அமெரிக்கத் தபால் துறையும் 2011இல் இதேபோல ஒன்றைக் கொண்டுவந்தது, அங்கே பீட்சா கடைக்காரர் முதல் பல் டாக்டர் வரை பயன்படுத்துகிறார்கள். ஆனால் இதற்கு எண்ணிக்கை அதிகம் வேண்டும், அச்சுச் செலவும் சேரும். தனி ஆளாகச் செய்யாதீர்கள். எலக்ட்ரீஷியன், பிளம்பர், பெயிண்டர், டேங்க் கழுவுபவர் நான்கு பேர் சேர்ந்து ஒரே தாளில் போடலாம். வீட்டில் ஆணியில் மாட்டி வைக்கத் தகுந்த தாளாக அது இருக்க வேண்டும். அதில் வந்த முதல் இருபது வீடுகளை வைத்து உங்கள் சொந்த நோட்டைத் தொடங்கிவிடுங்கள். பிறகு அந்த நோட்டுத்தான்.

இனிச் சொல்லப்போவதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். நம் ஊரில் தபால் உறை என்பது சாதாரண விஷயம் அல்ல. சுரங்கம் மூடியபிறகு எத்தனை குடும்பங்கள் பாக்கிப் பணத்துக்காகவும், குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் தங்கள் பெயருக்கு வருமா என்ற செய்திக்காகவும் வருஷக்கணக்கில் தபால்காரரை எதிர்பார்த்து நின்றன! இன்றைக்கும் பழுப்பு நிற நீள உறை வந்தால் எழுபது வயதுப் பெரியவர் கண்ணாடியைத் தேடி ஓடுகிறார். அந்த உறையில் உங்கள் விளம்பரத்தை வைக்காதீர்கள். ‘அவசரம்’, ‘கடைசி அறிவிப்பு’, ‘உங்கள் பார்வைக்கு மட்டும்’ என்று மேலே அச்சடிக்காதீர்கள். சில பெரிய நிறுவனங்கள் உறையைப் பிரிக்க வைக்க இதைச் செய்கின்றன. பிரிப்பார்கள், உண்மைதான். பிரித்து உள்ளே டேங்க் கழுவும் விளம்பரத்தைப் பார்த்த பெரியவர் மனம் என்ன பாடுபடும்? வெள்ளை உறை போடுங்கள். இடதுபக்க மூலையில் உங்கள் பெயரையும் தொழிலையும் தெளிவாக எழுதுங்கள். யாருடைய கடிதம் என்று வாசலிலேயே தெரியட்டும்.

அதேபோல, இன்னொருவரின் பட்டியலை வாங்காதீர்கள். ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ கேஸ் ஏஜென்சியிலோ வேலை செய்யும் தெரிந்தவர் ‘நாலாயிரம் வீட்டு அட்ரஸ் தருகிறேன்’ என்பார். அந்த மக்கள் அந்த விவரத்தை உங்களுக்காகக் கொடுக்கவில்லை. டிஜிட்டல் வடிவில் இருக்கும் தனிநபர் விவரங்களைக் காக்க 2023இல் நாட்டில் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அது தப்புதான். ‘எனக்கு இனி அனுப்ப வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் உடனே நோட்டில் அடித்துவிடுங்கள். யார் வீட்டிலாவது துக்கம் நடந்தது என்று தெரிந்தால் அந்த முறை அவர்களுக்குக் கடிதம் வேண்டாம். சிறிய ஊரில் தொழில் செய்பவருக்கு இந்தத் தகவல்கள் தானாகவே காதுக்கு வரும். அதை மரியாதைக்குப் பயன்படுத்துங்கள்.

போனை விட்டுவிடச் சொல்லவில்லை. கடிதத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் உங்களைக் கூப்பிடப் போவது போனில்தான். அழைப்பை எடுக்க முடியாவிட்டால் அன்று மாலைக்குள் நீங்களே கூப்பிடுங்கள். கடிதத்தில் 100 ரூபாய் என்று எழுதியிருந்தால் 100 ரூபாய்தான், பெட்ரோல் விலை ஏறியது என்று வாசலில் நின்று 120 கேட்காதீர்கள். ஞாயிறு 8 மணி என்றால் 8 மணி. கடிதம் ஒரு வாக்கு, அதுவும் உங்கள் கையெழுத்தோடு அவர்கள் வீட்டிலேயே இருக்கும் வாக்கு.

சுரங்கத்தில் இந்த ஊர் மனிதர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தார்கள். ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன், கொல்லர் என்று அவர்கள் கற்ற வேலை பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் வந்திருக்கிறது. அந்த வேலைத்திறன் அத்தனையும் ரயிலேறி வெளியூருக்கே போக வேண்டும் என்பதில்லை. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் மாரிகுப்பம் லைன்களிலும் கெட்டுப்போகும் மோட்டார்களும் ஒழுகும் குழாய்களும் நிறைய இருக்கின்றன. அந்த வீடுகளுக்கு ஆள் தேவை, உங்களுக்கு வேலை தேவை. இந்த வாரமே பழைய பில் புக்கை எடுத்து ஐம்பது பெயர்களை எழுதுங்கள். அடுத்த திங்கட்கிழமை ஐம்பது கடிதங்களைத் தபாலில் சேருங்கள். ஸ்டாம்புக்கு 250 ரூபாய் ஆகும்.